அவுக எத்தனை பேர்?

உத்தமபாளையம் ஜெய்லானியின் மகள் ஷர்மினுக்கும், வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனை செய்கிற அல்தாப்புக்கும் நடந்தது கல்யாணமே அல்ல என்று அந்த நாட்டு அரசாங்கம் கண்டுபிடித்தது. ஐந்நூற்று எழுபது பேர் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போன கல்யாணம். சாப்பிட்ட யாருக்கும் அப்படி ஒரு சந்தேகம் வரவில்லை.

அது எந்த நாடு என்பது இங்கே வேண்டாம். மேல்முறையீட்டுக் கோப்பில் அந்த நாட்டின் பெயர் இருநூற்றுச் சொச்சம் இடங்களில் மரியாதையாக அச்சாகியிருக்கிறது. அதுவே போதும்.

கண்டுபிடிப்பு மின்னஞ்சலில் வந்தது. 'அன்புள்ள விண்ணப்பதாரருக்கு' என்று அன்போடுதான் தொடங்கியிருந்தார்கள். மனைவி என்கிற முறையில் அவளுக்கு விசா தர முடியாததற்குப் பதினோரு பத்திகளில் காரணம் சொல்லியிருந்தார்கள்.

மூன்றாம் பத்தி: 'நேர்காணலில் கணவரின் பெயர் கேட்கப்பட்டபோது விண்ணப்பதாரர் நாற்பத்தொரு நொடிகள் மௌனமாக இருந்தார். பிறகு தலையைக் குனிந்து சிரித்தார். பிறகு, படிவத்திலேயே எழுதியிருக்கிறதே என்றார். தம் கணவரின் பெயரை அறிய அவர் எங்கள் படிவத்தைச் சார்ந்திருக்கிறார்.'

ஐந்தாம் பத்தி: 'கணவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர்கள் என்றே குறிப்பிட்டார். அவர்கள் டிசம்பரில் வந்தார்கள். அவர்களுக்கு மீன்குழம்பு பிடிக்கும். அவர்கள் இருபத்து மூன்று நாள் இருந்தார்கள். மொத்தம் எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டதற்கு, ஒருவர்தான் என்றார். இந்த முரண்பாட்டுக்கு அவரால் விளக்கம் தர இயலவில்லை.'

ஏழாம் பத்தி: 'திருமணப் புகைப்படம் என்று இணைக்கப்பட்டுள்ளதில் கணவர் வெண்தாடி வைத்த முதியவர் ஒருவரின் வலது கையை இறுகப் பற்றியிருக்கிறார். சுற்றிலும் நாற்பது ஆண்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். விண்ணப்பதாரர் படத்தில் எங்கும் இல்லை.'

ஒன்பதாம் பத்தி: 'விண்ணப்பதாரர் அனுப்பிய குறுஞ்செய்திகள் அனைத்தும் மச்சான் என்று தொடங்குகின்றன. இச்சொல்லுக்கு அக்காவின் கணவர் என்று பொருள் என எங்கள் மொழிபெயர்ப்பாளர் சான்றளித்துள்ளார். விண்ணப்பதாரருக்கு அக்கா இல்லை என்பது படிவத்தின் பதினான்காம் பக்கத்தில் தெரிகிறது. ஆகவே இவர் இல்லாத சகோதரி ஒருவரின் கணவருடன் தொடர்பில் இருக்கிறார் என்று முடிவுசெய்ய வேண்டியுள்ளது.'

ஷர்மின் பி.எஸ்ஸி. கணிதம் படித்தவள். ஆங்கிலத் தேர்வில் தேறிய சான்றிதழையும் விண்ணப்பத்தோடு வைத்திருந்தாள். ஆனால் மொழிபெயர்ப்பாளர் என்பது விண்ணப்பதாரரின் உரிமை. அந்த உரிமை வேண்டாம் என்று சொல்ல விண்ணப்பதாரருக்கு உரிமை இல்லை.

கடிதத்தை அவள்தான் ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் சொன்னாள். ராயப்பன்பட்டி ரோட்டில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ஜெய்லானி, மருந்தடித்த கையைக்கூடக் கழுவாமல் நின்று கேட்டார். நிக்காஹ் நேரத்தில் பெண் உள்ளறையில் இருப்பதும், பெண்ணைப் பெற்றவன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து ஒப்புக்கொடுப்பதும் அவருக்குத் தெரிந்து எல்லாக் கல்யாணத்திலும் நடப்பதுதான். ஏழாம் பத்தி முடிந்ததும் அவர் தன் தாடியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"ஏத்தா, அப்ப மாப்ளை என்னையக் கட்டியிருக்காகன்னா எழுதியிருக்கான்?"

"அப்படித்தான் அத்தா வருது."

ஜெய்லானியின் மனைவி அம்சத் பீவியும் அடுப்படி வாசலில் நின்று கேட்டாள். அவளுக்குக் கடிதத்தில் புரிந்தது ஒன்றுதான். 'அவுக' என்று சொன்னது குற்றம்.

அந்த வீட்டில் 'அவுக' என்றால் அல்தாப். தினமும் காலை பதினொரு மணிக்குப் போன் வரும். "யாருடி?" என்று அம்சத் பீவி கேட்பாள். "அவுகதான்மா" என்பாள் ஷர்மின். உடனே அம்சத் பீவி டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு அடுப்படிக்குப் போய், தான் கேட்கவில்லை என்பது தெரியும்படி பாத்திரங்களை வேண்டுமென்றே உருட்டுவாள். ஒரு மணி நேரம் உருட்டுவாள். கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவுவாள். இதையெல்லாம் எந்தப் படிவத்திலும் எழுத இடமில்லை.

மேல்முறையீடு செய்யலாம் என்று அங்கே அல்தாப் வைத்த வக்கீல் சொன்னார். விசாரணை ஒரு வருஷத்துக்குப் பிறகு வரும், ஷர்மின் இங்கிருந்தே காணொலியில் சாட்சி சொல்லலாம், அதற்குள் அவளைத் 'தயார்' செய்ய வேண்டும் என்றார். தயார் செய்கிறவர் தேனியில் இருந்தார்.

சுருளிராஜன், பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்தில் மாடியில் வெளிநாட்டு விசா ஆலோசனை மையம் நடத்துகிறார். அதற்கு முன்னால் அதே அறையில் டிரைவிங் ஸ்கூல் நடத்தினார். சுவரில் எல் போர்டு இன்னும் இருந்தது. வண்டி ஓட்டத் தெரியாதவர்களுக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்த அனுபவம் இந்தத் தொழிலுக்கு அப்படியே கைகொடுத்தது.

அவர் பதினோரு பத்திகளையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பாய், உங்க பொண்ணு கல்யாணம் ஜமாத்துல செல்லும். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல செல்லும். ஆனா ஜெனியூன் இல்லை."

"அது எங்க சார் வாங்கணும்?" என்றார் ஜெய்லானி.

"எது?"

"அந்த ஜெனியூன்."

ஜெய்லானியைக் குறை சொல்வதற்கில்லை. ஐம்பத்தெட்டு வருஷ வாழ்க்கையில் இல்லை என்று அரசாங்கம் சொன்ன எதையும் அவர் தாலுகா ஆபீஸில் வாங்கித்தான் பழக்கம். மறுநாளே கிராம நிர்வாக அலுவலர் பொன்னுராஜைப் பார்க்கப் போய்விட்டார். மகளும் மருமகனும் பிரியமாக இருக்கிறார்கள் என்று ஒரு சான்று வேண்டும் என்றார்.

பொன்னுராஜ் நல்ல மனிதர். கம்ப்யூட்டரில் பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். சாதி, வருமானம், இருப்பிடம், வாரிசு, கலப்புத் திருமணம் எல்லாம் இருந்தன.

"கணவரால் கைவிடப்பட்டவர்னு ஒரு சான்று இருக்கு பாய். கைவிடாதவர்னு அரசாங்கம் போடலையே. வேணும்னா பாப்பாவைக் கைவிட்டதா ஒண்ணு வாங்கிருவமா? பதினஞ்சு நாள்ல வந்துரும்."

"அது வேணாம் சார்."

"அப்ப கையால எழுதித்தான் தரணும்."

எழுதித் தந்தார். முப்பது வருஷமாக நிலத்துக்கும் வீட்டுக்கும் எழுதிய கை. அது இப்படி வந்தது: 'மேற்படி நபர்களுக்கிடையே அன்பு நிலவிவருவது ஸ்தல விசாரணையிலும் அக்கம்பக்கத்தாரை விசாரித்த வகையிலும் தெரியவருகிறது. மேற்படி அன்பு மேற்படி நபர்களின் அனுபவத்தில் உள்ளது. அதில் வில்லங்கம், ஆக்கிரமிப்பு ஏதுமில்லை.' கீழே கையெழுத்து, வட்ட முத்திரை.

சுருளிராஜன் அதை மேல்முறையீட்டுக் கோப்பில் சேர்த்துக்கொண்டார். எந்தக் காகிதத்தையும் அவர் வேண்டாம் என்று சொன்னதில்லை. பிறகு பயிற்சியைத் தொடங்கினார்.

"முதல்ல இந்த 'அவுக'வை ஒழிக்கணும் பாய். வீட்ல ஒரு ஆள் விடாம ஒருமைக்கு மாறணும். பொண்ணு மட்டும் மாறுனா நாக்கு வராது."

"மாப்ளையவா சார்?"

"மாப்ளையத்தான். வந்தான், போனான், சாப்பிட்டான்."

"அவருன்னு சொன்னாப் போதாதா?" என்று கேட்டாள் ஷர்மின்.

"வேணாம்மா. மரியாதைன்னாலே அங்கன ஒரு ஆள் கூடிரும். 'அவரு'ன்னா அரை ஆளாவது கூடும். எதுக்கு ரிஸ்க்கு? ஜட்ஜு என்ன கேப்பாகன்னா..."

"எத்தனை ஜட்ஜு சார்?" என்றார் ஜெய்லானி.

சுருளிராஜன் கொஞ்சம் தண்ணீர் குடித்தார்.

அன்றிலிருந்து வீட்டில் ஒருமை அமலுக்கு வந்தது. ஜெய்லானி தோட்டத்தில் ஆள் இல்லாத பக்கமாகப் போய், "மாப்ளை வந்தான், மாப்ளை போனான்" என்று திராட்சைப் பந்தலுக்குக் கீழே சொல்லிப் பார்த்தார். நான்கு தடவைக்கு மேல் முடியவில்லை. அம்சத் பீவியோ முதல் நாளே மறுத்துவிட்டாள். "என் மருமகனை வந்தான் போனான்னு சொல்லிட்டு அவுக அம்மா மூஞ்சியில நான் எப்படி முழிக்க?" என்றாள். ஆனால் பன்மையில் சொன்னால் மகளுக்கு விசா கிடைக்காது என்ற பயமும் இருந்தது. அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். மருமகனைப் பேச்சிலிருந்தே எடுத்துவிட்டாள்.

பெயர் சொல்லும் பயிற்சி தனி. தினமும் காலையில் ஐம்பது தடவை கணவன் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். முதல் நாள் ஷர்மின் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள். 'அல்' வரை வந்தது, மீதி சிரிப்பாகப் போய்விட்டது. இரண்டாம் வாரம் முழுப்பெயரும் வந்தது. வாசல்வரை கேட்டதால், தெருமுனையிலிருந்து கேபிள்காரர் அல்தாப் ஓடிவந்து, "என்னக்கா, படம் தெரியலையா?" என்று கேட்டுவிட்டு மொட்டைமாடிக்குப் போய் வயரை ஆட்டிப் பார்த்தார். மறுவாரம் கறிக்கடை அல்தாப் ஆள் அனுப்பி எத்தனை கிலோ என்று விசாரித்தார். ஒரு மாதத்தில் ஷர்மினுக்கு அந்தப் பெயர் பழகிவிட்டது. ரேஷன் கடையில் கூப்பிடுகிற பெயர்களில் ஒன்று மாதிரி ஆகிவிட்டது. சொல்வதற்கு முன்னால் நெஞ்சில் ஏதோ ஒன்று தடுக்கும். அது இப்போது தடுக்கவில்லை. சுருளிராஜன் நூற்றுக்கு நூறு போட்டார்.

இந்தக் கதையை எழுதுகிறவனும் இனி ஒருமைக்கு மாறிவிடுவது நல்லது. வழக்கு நிலுவையில் இருக்கிறது.

அடுத்து, அல்தாப் வந்தான். ஏழு நாள் லீவில் வந்தான். கோப்பில் புகைப்படம் போதாது என்று சுருளிராஜன் வரச் சொல்லியிருந்தார். தம்பதி வெவ்வேறு பருவங்களில், வெவ்வேறு இடங்களில், ஒருவர்மேல் ஒருவர் பிரியமாக இருப்பது தெரிய வேண்டும். பருவங்கள் மாறும்வரை காத்திருக்க அல்தாப்பின் ஆஸ்பத்திரி சம்மதிக்காது. ஆகவே ஒரே நாளில் நான்கு பருவம். காலையில் மேகமலையில் ஸ்வெட்டர். மத்தியானம் சுருளி அருவியில் குடை. சாயங்காலம் வைகை அணையில் கூலிங் கிளாஸ். வசந்தகாலத்துக்கு என்ன செய்வது என்று தெரியாமல், குமுளியில் ஒரு நர்சரியில் நிறுத்தி, விலைக்கு வைத்திருந்த பூந்தொட்டிகளுக்கு நடுவில் எடுத்தார்கள்.

போட்டோ எடுத்தது சின்னமனூர் அழகர். "அண்ணே, அண்ணியைப் பாருங்க. அண்ணி, நீங்க தூரத்துல பாருங்க. தூரத்துல நல்ல விஷயம் ஏதோ வருது. ஆங். அண்ணே, கையைத் தோள்ல போடுங்க. போட்டோவுக்குத்தான், போடுங்க."

ஆறாம் நாள் ஜெய்லானியின் தோட்டத்தில் வண்டி நின்றது. பன்னீர் திராட்சை பழுத்திருந்த சமயம். ஷர்மினுக்குத் திராட்சை பிடிக்கும், கொட்டை பிடிக்காது. கல்யாணமான நாலாம் நாள் அதைப் பார்த்துவிட்ட அல்தாப், அதிலிருந்து ஒவ்வொரு பழத்தையும் பிதுக்கிக் கொட்டையை எடுத்துவிட்டுக் கொடுப்பான். ஊருக்குத் திரும்பும்வரை தினமும் கொடுத்தான். அன்றும் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அவன் விரல் முழுக்க ஊதாவாகியிருந்தது. அழகர் லென்ஸை மாற்றும்போது தவறுதலாக ஒரு படம் பதிவாகிவிட்டது.

சுருளிராஜன் அந்தப் படத்தைத்தான் முதலில் நீக்கினார்.

"இதுல ரெண்டு பேரும் பேப்பரைப் பாக்குறீக. முகமே தெரியலை. இதை வச்சு என்னத்தை நிரூபிக்க?"

ஏழாம் நாள் அல்தாப் மதுரைக்குப் போய் விமானம் ஏறினான். முந்நூற்று அறுபது படங்கள் தேறின. வீட்டில் ஒருவேளைகூட உட்கார்ந்து சாப்பிடவில்லை என்பது அவன் போன பிறகுதான் அம்சத் பீவிக்கு நினைவு வந்தது. வாங்கிய மீன் அப்படியே ஃபிரிட்ஜில் இருந்தது.

அதன்பிறகு கேள்விகள். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. கணவனிடமும் மனைவியிடமும் தனித்தனியாகக் கேட்பார்கள். விடை ஒன்றாக இருந்தால் அன்பு, வேறாக இருந்தால் மோசடி. கட்டிலில் யார் எந்தப் பக்கம்? பல்துலக்கும் பிரஷ் என்ன நிறம்? குறட்டை யார்? முதல் நாள் காலையில் என்ன பலகாரம்? காலை பதினொரு மணிப் போன் இனிமேல் மாதிரித் தேர்வுக்கு என்று சுருளிராஜன் உத்தரவு போட்டார்.

"அறுபத்தி மூணு," என்பான் அல்தாப்.

"இடதுபக்கம்," என்பாள் ஷர்மின்.

"அறுபத்தி நாலு."

"ரெண்டு தலகாணி. ஒண்ணுதான் உபயோகம்."

"சரி. வேற?"

"வேற ஒண்ணுமில்ல. அறுபத்தி அஞ்சு கேளு."

ஆரம்பத்தில் தேர்வு முடிந்ததும் ஐந்து நிமிஷமாவது வேறு பேசினார்கள். பிறகு மறுநாள் கேள்விகளைப் பிரித்துக்கொள்ள அந்த ஐந்து நிமிஷமும் தேவைப்பட்டது. அம்சத் பீவி கொஞ்ச நாள் பாத்திரம் உருட்டிப் பார்த்தாள். இவர்கள் பேசுவதில் மறைக்க ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் உருட்டுவதை நிறுத்திவிட்டு, டிவியைப் பழையபடி வைத்துக்கொண்டாள்.

நூற்றுப் பன்னிரண்டாவது கேள்வியில் மட்டும் சிக்கல் வந்தது. கல்யாண அறையின் ஜன்னல் திரை என்ன நிறம்? அல்தாப் நீலம் என்றான். ஷர்மின் பச்சை என்றாள். திரை அந்த அறையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது, பச்சையாக. பிரச்சினை தேனிக்குப் போனது.

"நீலம்," என்று தீர்ப்புச் சொன்னார் சுருளிராஜன். "மாப்ளை ஏற்கெனவே வக்கீலுக்கு எழுதிக் கொடுத்துட்டான். அங்கன ரெக்கார்டுல நீலம்."

"ஆனா திரை பச்சையாத்தானே சார் இருக்கு?"

"அது உங்க வீட்டுத் திரையோட தப்பு."

அம்சத் பீவி கம்பத்துக்குப் போய் நீலத்தில் துணி எடுத்து வந்து தைத்து மாட்டினாள். பச்சைத் திரையைக் கிழித்து அடுப்படிக்குப் பிடிதுணியாக்கிக்கொண்டாள். ஒரு வாரத்தில் ஷர்மினுக்கே சந்தேகம் வந்துவிட்டது. நீலமாகத்தான் இருந்ததோ என்னவோ. கல்யாணமான மறுநாள் காலை வெயில் அதன் வழியாக அறையில் விழுந்த நிறத்தை நினைத்துப் பார்த்தாள். நீலமாகவே நினைவு வந்தது. அதற்காக அவளுக்கு வருத்தமாகக்கூட இல்லை. வருத்தம் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை, அவ்வளவுதான்.

கடைசி மாதம் ஒத்திகை. அந்த நாடு குளிர்நாடு என்பதால் ஏசியைப் பதினாறில் வைத்து, சுருளிராஜன் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு நீதிபதியாக உட்கார்ந்தார். எண்பத்தெட்டாவது கேள்வியை அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். உங்கள் கணவர் உங்கள்மீது அன்பை எப்படி வெளிப்படுத்துவார்? முதல் தடவை ஷர்மின், "திராட்சைக் கொட்டையை எடுத்துக் குடுப்பாக" என்றாள்.

"குடுப்பான்."

"குடுப்பான்."

"அதுவும் வேணாம். மொழிபெயர்க்கறவனுக்குப் புரியாது. பூச்செண்டு குடுப்பான்னு சொல்லு. பூச்செண்டுன்னா உலகம் பூரா புரியும்."

விசாரணை நாளும் வந்தது. சுருளிராஜனின் அறையிலேயே பெரிய திரை வைத்தார்கள். எல் போர்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அமைதியாக ஒரு மலைக் காலண்டர் மாட்டினார்கள். திரையில் நான்கு கட்டங்கள். ஒன்றில் நீதிபதி, ஒன்றில் அரசுத் தரப்பு, ஒன்றில் மொழிபெயர்ப்பாளர், ஒன்றில் கோட்டுப் போட்ட அல்தாப். மொழிபெயர்ப்பாளர் பேசியது தமிழ்தான். எந்த ஊர்த் தமிழ் என்பதைக் கடைசிவரை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

நீதிபதி கனிவானவர். "அம்மா, பயப்பட வேண்டாம்," என்று தொடங்கினார். "இந்த மன்றம் குடும்பங்களுக்கு எதிரானது அல்ல. கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்வதற்கு மட்டும்தான் நாங்கள் ஆதாரம் கேட்கிறோம். பிரிந்து வாழ்வதற்கு எந்த ஆதாரமும் கேட்பதில்லை. அந்த உரிமையை எல்லா நாட்டவருக்கும் பாகுபாடு இல்லாமல் வழங்கியிருக்கிறோம்."

அரசுத் தரப்பு எழுந்தது. "விண்ணப்பதாரருக்குத் திருமணம் ஆகியிருப்பதை அரசு மறுக்கவில்லை. அல்தாப்புக்கும் திருமணம் ஆகியிருக்கிறது என்பதை ஏற்கிறோம். இரண்டும் ஒரே திருமணமா என்பதுதான் கேள்வி."

கேள்விகள் வரிசையாக வந்தன. ஷர்மின் வரிசையாகச் சொன்னாள். பெயர் கேட்டதும் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. தகப்பனார் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட்டின் கடைசி நான்கு எண்கள்வரை கேட்காமலேயே சொன்னாள். திரை நீலம். கட்டிலில் இடதுபக்கம். அன்பை எப்படி வெளிப்படுத்துவார்? "தி" என்று வாய் திறந்தது. பக்கத்தில் சுருளிராஜன் இருமினார். "பூச்செண்டு குடுப்பான்," என்றாள்.

நீதிபதி தலையசைத்தார். பிறகு பழைய நேர்காணல் கோப்பைப் புரட்டினார்.

"ஒன்றுதான் எனக்குத் தெளிவாகவில்லை. முதல் நேர்காணலில் அவர்கள் வந்தார்கள், அவர்கள் சாப்பிட்டார்கள் என்றீர்கள். இன்று அவன், அவன் என்று ஒருவரைப் பற்றி மட்டுமே பேசுகிறீர்கள். அப்படியென்றால் மற்றவர்கள் என்ன ஆனார்கள்?"

இது இருநூற்றுப் பன்னிரண்டில் இல்லாத கேள்வி. சுருளிராஜன் இருமவும் மறந்துவிட்டார். ஷர்மின் திரையில் நான்காவது கட்டத்தைப் பார்த்தாள். அல்தாப் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"மத்தவுக யாரும் இப்ப இல்லை சார்," என்றாள்.

மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்னது ஷர்மினுக்கு நன்றாகப் புரிந்தது. 'மற்றவர்கள் இப்போது உயிரோடு இல்லை.' திருத்தலாமா என்று யோசித்தாள். விண்ணப்பதாரர் மொழிபெயர்ப்பில் குறுக்கிடக் கூடாது என்பது நிபந்தனை. தவிர, அவர் பெரிதாகத் தப்புச் செய்துவிட்டதாகவும் அவளுக்குத் தோன்றவில்லை.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "மறைந்தவர்களுக்கு இந்த மன்றம் தன் ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்துக்கொள்கிறது," என்றார். எழுந்து நின்றார். அரசுத் தரப்பு நின்றது. மொழிபெயர்ப்பாளர் நின்றார். தேனியிலும் எல்லோரும் எழுந்தார்கள்.

"யாரு மவுத்து?" என்று மெதுவாகக் கேட்டார் ஜெய்லானி. யாராக இருந்தால் என்ன என்று நினைத்தவர்போல, மரணச் செய்திக்கு ஓதுகிற இன்னா லில்லாஹியை ஓதினார்.

நான்காவது கட்டத்தில் அல்தாப்பும் கைகட்டித் தலை குனிந்து நின்றான். தனக்காகத்தான் நிற்கிறோம் என்று அவனுக்குத் தெரிந்திருக்காது.

ஏழு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. இதுவும் அன்போடுதான் தொடங்கியது. மேல்முறையீடு ஏற்கப்பட்டது. 'விண்ணப்பதாரர் கணவரின் பெயரைத் தயக்கமின்றியும், தேவையற்ற உணர்ச்சிகள் இன்றியும் கூறினார். இது இயல்பான தாம்பத்தியத்தின் அடையாளம். திரையின் நிறம் குறித்து இருவரும் ஒரே விடை அளித்தனர். நான்கு பருவங்களிலும் இவர்கள் மகிழ்ச்சியாக இருந்துள்ளனர். மேலும், இவர்களது அன்பில் வில்லங்கம் ஏதுமில்லை என்று உள்ளூர் அலுவலர் நேரடி விசாரணை செய்து சான்றளித்திருப்பது எங்களுக்கு மிகுந்த நம்பிக்கை அளிக்கிறது. இந்த உறவு உண்மையானது என்றும், தொடர்ந்து நிலவுகிறது என்றும் மன்றம் தீர்மானிக்கிறது.'

சுருளிராஜன் அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டினார். ஜெய்லானி ஒரு பெட்டி திராட்சையோடு தேனிக்குப் போனார். கிராம நிர்வாக அலுவலக வாசலில் பொன்னுராஜைப் பார்க்க மூன்று பேர் மனுவோடு நிற்பதாகக் கேள்வி. மூன்று பேருக்கும் அன்புச் சான்று வேண்டுமாம்.

ஷர்மின் தீர்ப்பை இரண்டு தடவை படித்தாள். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. எண்பத்தெட்டாவது கேள்விக்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்களோ அப்படி வைத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து பெட்டியில் ஸ்வெட்டரை மடித்து வைத்தாள்.

பதினொரு மணிக்குப் போன் அடித்தது. அவள் எடுத்து, "ம்" என்றாள். அந்தப் பக்கமும் "ம்" என்றது. கேட்பதற்கு இனிமேல் கேள்வி எதுவும் மிச்சமில்லை.

"யாருடி போன்ல?" என்று டிவி சத்தத்துக்கு மேலே கேட்டாள் அம்சத் பீவி.

"அல்தாப்."

"எந்த அல்தாப்பு?"

ஷர்மின் தகப்பனார் பெயரையும், பிறந்த தேதியையும், பாஸ்போர்ட்டின் கடைசி நான்கு எண்களையும் சொன்னாள்.